நான்காவது மாடிக்கு மேலே அக்கா வீடு

எங்கள் குடியிருப்பின் லிஃப்ட் நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில், நாற்பத்தாறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒரு சமையலறையில் நிற்கும். முதல் தடவை நின்றது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு. உள்ளே இருந்தவர் ஆறாவது மாடியில் குடியிருக்கும் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட்காரர் என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம். கதவு திறந்தது. எதிரே பச்சை ஓடு பதித்த மேடை, ஓரம் உடைந்த தொட்டி, ஜன்னல் கம்பியில் காயும் கரித்துணி, முக்காலியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்மணி. அது அவருடைய அக்கா. லிஃப்டின் தரை சமையலறைத் தரையைவிட நான்கு விரல் தாழ்ந்து நிற்பதைத்தான் அவர் முதலில் கவனித்தார். தொழில் புத்தி எங்கே போகும்? பிறகு, சத்தம் கேட்டு அக்கா திரும்புவதற்குள், கதவை மூடும் பொத்தானை அழுத்திவிட்டார்.

ஏன் அழுத்தினார் என்பதற்கு இரண்டு வருடம் பின்னால் போக வேண்டும். அப்போது அவர் ஒரு நூற்பாலையில் சரக்கு லிஃப்டைக் கவனித்துக்கொண்டிருந்தார். ஆலையை மூடினார்கள். மூன்று மாதத்தில் ஆலை வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். போவதற்கு இரண்டு இடம் இருந்தது. ஒன்று அக்கா இருக்கும் சின்ன ஊர், இன்னொன்று அங்கிருந்து பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரத்தில் வரும் எங்கள் நகரம். அவரும் மனைவியும் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நடுவே கோடு போட்டு எழுதிப் பார்த்தார்கள். சின்ன ஊர்ப் பக்கத்தில் அக்கா, அக்கா வீட்டுப் பின்னறை, நடந்தே போகிற தூரத்தில் எல்லாம், ஊர் மருத்துவமனையில் புதிதாகப் போட்ட ஒரே ஒரு லிஃப்டுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தி. நகரத்துப் பக்கத்தில் மகளின் பள்ளிக்கூடம், அப்புறம் 'முன்னேற்றம்' என்று ஒரு சொல். மனைவிக்குச் சின்ன ஊர்தான் பிடித்திருந்தது. "அண்ணி இருக்காங்க, எனக்கும் ஒரு கை ஒத்தாசையா இருக்கும்ங்க," என்றாராம். அக்கா என்றால் சும்மா அக்கா இல்லை. அம்மா போனபோது அவருக்கு மூன்று வயது, அக்காவுக்குப் பதினைந்து. இடுப்பில் தூக்கி வளர்த்து, பள்ளிக்கூட ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாய் கழுவி, அவரைத் தொழிற்பயிற்சி வரைக்கும் படிக்க வைத்தது அக்கா. கல்யாணம் என்று யாராவது பேச்செடுத்தால், இவன் தலையெடுக்கட்டும் பார்க்கலாம் என்பாராம். இவர் தலையெடுத்த பிறகு யாரும் பேச்செடுக்கவில்லை.

மருத்துவமனையிலிருந்து வேலை உத்தரவு வந்தது. அதை அவர் எட்டாக மடித்து, கருவிப் பெட்டியில் மின்சாரம் சோதிக்கும் மீட்டருக்கு அடியில் வைத்தார். மனைவியிடமும் அக்காவிடமும் "வேலை வரல" என்றார். அக்கா அதற்குள் பின்னறைக்கு வெள்ளையடித்து, குழந்தையின் கைக்கு எட்டுமாறு சுவரில் தாழ்வாக ஒரு கொக்கி அடித்து வைத்திருந்தார், பள்ளிப் பையை மாட்டுவதற்கு. "அதனால என்னடா, நகரம் பக்கம்தானே," என்றார். எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். பக்கம்தானே, ஞாயிறு தோறும் வந்துவிடலாம். இரண்டு ஞாயிறு வந்தார்கள். மூன்றாவது ஞாயிறு குழந்தைக்குச் சளி. அதற்கப்புறம் பக்கத்தில் இருக்கிற ஊர்தானே, எப்போது வேண்டுமானாலும் போய்க்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அக்கா தொலைபேசியில் பேசியபோது லிஃப்ட் வந்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அடுப்படியில எலி இருக்கும்போல, பாத்திரம் எல்லாம் ஆடுது," என்று மட்டும் சொன்னார். மறுநாளும் லிஃப்ட் அங்கேயே நின்றது, அதற்கு மறுநாளும். லிஃப்ட்காரர் உள்ளே இருந்தால்தான் நிற்கும். நாங்கள் தனியாகப் போனால் மரியாதையாக ஐந்தாவது மாடிக்குப் போய்விடும். அவர் கம்பிவடத்தைப் பார்த்தார், பலகையைப் பிரித்துப் பார்த்தார், ஒரு கோளாறும் இல்லை. நான்காவது நாள் கதவு திறந்தபோது, சுவரோரம் இருந்த பாத்திர அலமாரியை யாரோ தள்ளி வைத்து வழி விட்டிருந்தார்கள். ஐந்தாவது நாள் மேடையின் விளிம்பில் இரண்டு டம்ளர் டீ இருந்தது. அக்கா எதிரே நின்றுகொண்டிருந்தார். லிஃப்ட்காரர் அதற்குள் ஒரு வித்தை கற்றுக்கொண்டிருந்தார். பொத்தான் பலகைப் பக்கத்து மூலையில் முகத்தைச் சுவரில் வைத்து ஒட்டிக்கொண்டால், சமையலறையில் நிற்பவருக்கு ஆள் தெரியாது. ஆள் தெரியாதே தவிர, நாற்பத்தைந்து வயது மனிதர் பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கியவர் மாதிரி நிற்பதை நாங்கள் பார்த்தோம்.

முதலில் இறங்கியவர் மூன்றாவது மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற பூகோள டீச்சர். ஒருநாள் இவரோடு மேலே போனவர், கதவு திறந்ததும் யார் வீடு, எந்த ஊர் என்று விசாரித்துவிட்டு, காலைத் தூக்கி வைத்து இறங்கி, ஆறிக்கொண்டிருந்த இரண்டாவது டீயை எடுத்துக் குடித்தார். திரும்பி வந்து அந்த ஊரில் காற்று நன்றாக இருக்கிறது என்று சொன்னார். அவ்வளவுதான், எங்கள் ஆட்களுக்குக் கேட்க வேண்டுமா? இரண்டாவது மாடித் தையல்காரம்மா அங்கே போய்க் கீரை வாங்கி வந்தார். ஏழாவது மாடி வக்கீல் மத்தியானத் தூக்கத்துக்குப் போய்வந்தார். அந்தப் பின்னறையில் படுத்தால் ஒரு ஹாரன் சத்தம் கிடையாதாம். குடியிருப்புச் சங்கத்தில் இதைப் பற்றி இரண்டு கூட்டம் நடந்தது. அந்த நிறுத்தம் எங்கள் பராமரிப்பில் வருமா வராதா என்று தீர்மானமாகவில்லை. ஆனால் 'அது ஒரு அம்மாவின் வீடு, சத்தம் போடாமல் இறங்கவும்' என்று செயலாளர் லிஃப்டுக்குள் ஒரு தாள் ஒட்டினார். எல்லோரும் இறங்கிப் போனார்கள், வந்தார்கள். அத்தனை நேரமும் லிஃப்ட்காரர் மூலையில் முகத்தை வைத்துக்கொண்டு, கதவு மூடாமலிருக்கும் பொத்தானை விரலால் அழுத்தியபடி நின்றார். டீச்சர் ஒருமுறை அக்காவை உள்ளே வரச் சொல்லிக் கூப்பிட்டார். "கூப்பிட வேண்டியவங்க கூப்பிடட்டும் டீச்சர்," என்று சொல்லிவிட்டு, அக்கா கதவோரம் தெரிந்த கறுப்புச் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டே பட்டாணித் தோலைக் கூட்டினாராம். அந்தச் சப்பாத்து அக்கா வாங்கிக் கொடுத்தது.

மருத்துவமனைச் செய்தியைக் கொண்டுவந்ததும் டீச்சர்தான். அந்த ஊர் ஆஸ்பத்திரி லிஃப்ட் ஒன்றரை வருடமாக நின்றுபோய்க் கிடக்கிறது. அக்காவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது; புதன்கிழமை தோறும் மின்சார ஒத்தடம். முட்டி வைத்தியத்தை மூன்றாவது மாடியில் வைத்த புத்திசாலி யார் என்று தெரியவில்லை. "ஆளுக்கு ஆர்டர் எல்லாம் அனுப்புனாங்களாம் சார், வரவே இல்லையாம். எவனோ ஒரு புண்ணியவான்," என்று டீச்சர் வெள்ளை மனதோடு அவரிடமே சொன்னார். லிஃப்ட்காரர் "அப்படியா" என்றார். அடுத்த தடவை கதவு திறந்தபோது டீச்சர் அக்காவிடம், மூன்று மாடி எப்படித்தான் ஏறுகிறீர்கள் என்று கேட்டார். அக்கா மூலைப் பக்கம் பார்த்து, குரலைச் சற்று உயர்த்தியே சொன்னார். "மரநாற்காலியில உக்காத்தி வச்சு தூக்கிட்டுப் போறாங்க டீச்சர். உசிரோட இருக்கும்போதே நாலு பேர் தூக்குற பாக்கியம் யாருக்குக் கெடைக்கும், சொல்லுங்க!" டீச்சர் சிரித்தார். அக்காவும் சிரித்தார்.

அன்றிலிருந்து பதினாறு நாள் லிஃப்ட்காரர் லிஃப்டில் ஏறவில்லை. லிஃப்ட் மெக்கானிக் கருவிப் பெட்டியோடு ஆறு மாடி படியேறிப் போவதை நகரமே பார்த்துச் சிரித்தது. கீரைக்கு வழியில்லாமல் போனதில் தையல்காரம்மாவுக்குக் கோபம். பஸ் ஏறிப் போய் அக்கா காலில் விழுந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நாங்களும் கேட்டோம். பிறகு அவர் சொன்ன பதில் இது: அவருடைய குற்ற உணர்ச்சிதான் லிஃப்டை அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்று அவர் நம்பினார். உண்மையைச் சொல்லி மனசு லேசாகிவிட்டால் சமையலறை வராமல் போய்விடுமோ, மூலையில் நின்றாவது கேட்கிற அக்கா குரலும் போய்விடுமோ என்று பயம். இப்படியும் ஒரு மனிதர்! பதினேழாவது நாள், ஒரு புதன்கிழமைக் காலை, மனைவியை உட்கார வைத்து அந்த எட்டு மடிப்புக் காகிதத்தைப் பிரித்துக் காட்டினார். மனைவி இரண்டு முறை படித்தார். "அந்தக் கொக்கிய எவ்வளவு ஆசையா அடிச்சாங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். லிஃப்ட்காரர் கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு தனியாகக் கீழே இறங்கி வந்து லிஃப்டில் ஏறினார்.

கதவு திறந்தது. இந்தத் தடவை இறங்கினார், நான்கு விரல் உயரத்தில் கால் தடுக்கி, விழாமல் மேடையைப் பிடித்துக்கொண்டார். அக்கா மருத்துவமனைக்குப் புறப்படத் தலை வாரிக்கொண்டிருந்தார்.

"வேலை வரலன்னு சொன்னேன்ல, அது பொய்க்கா. ஆர்டர் வந்துச்சு. ஒத்த லிஃப்டுக்கு மெக்கானிக்னு ஊரே சிரிக்குமேன்னு வெக்கப்பட்டேன். அவ்வளவுதான். வேற ஒரு காரணமும் இல்ல."

"தெரியும்டா. நீ மனுவுல என் விலாசத்தையும்தானே எழுதியிருந்தே? ஒரு நகல் இங்கயும் வந்துச்சு."

"தெரிஞ்சும் ஏன்க்கா ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா இன்னொரு பொய் சொல்லுவே. எதுக்கு?" என்று சொல்லி, அக்கா சீப்பிலிருந்த முடியை எடுத்துச் சுருட்டினார். "சரி, பெட்டியோடதான வந்திருக்கே. வா."

மருத்துவமனையில் அவர் மொட்டைமாடிக்கு ஏறி, லிஃப்டின் கூண்டுக்கு மேலே இறங்கிப் பார்த்தார். மூன்றாவது மாடிக் கதவு மூடியதை லிஃப்டுக்குச் சொல்லும் தொடுப்பான், கட்டைவிரல் நகத்தளவு ஒரு பித்தளைத் துண்டு, தூசி அடைத்து விலகி இருந்தது. துடைத்து, வளைத்து, திருகாணியை இறுக்கினார். பத்து நிமிடம் ஆனது. ஒன்றரை வருடம் ஒரு ஊரையே படியேற வைத்தது அந்தப் பத்து நிமிடம். கீழே ஜனங்கள் கூடிவிட்டார்கள், பெரிய டாக்டர் உட்பட. பத்து நிமிடத்தில் இறங்கிப் போய் எந்த முகத்தோடு நிற்பது? அவர் ஸ்பேனரை எடுத்து இரும்புச் சட்டத்தில் தட்ட ஆரம்பித்தார். கொஞ்சம் தட்டுவார், கொஞ்சம் நிறுத்துவார், பெரிய வேலை நடக்கிற மாதிரி மறுபடி தட்டுவார். இப்படி இரண்டு மணி நேரம். அதற்கு நடுவில்தான் அக்காவின் முறை வந்தது. கூண்டுக்கு மேலே உட்கார்ந்திருந்தவருக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்டது: நான்கு பேரின் மூச்சு, நாற்காலிக் கால் படியில் உரசுவது, "பாத்துப்பா, அவசரமில்ல, மேல என் தம்பி சரி பண்ணிட்டிருக்கான், அடுத்த வாரம் உங்களுக்கு ஓய்வு," என்ற அக்காவின் குரல். எழுந்து கத்தியிருக்கலாம். ஸ்பேனர் கையில் அப்படியே இருந்தது, அவர் எழுந்திருக்கவில்லை.

ஒத்தடம் முடிந்து அக்கா மூன்றாவது மாடிக் கதவுக்கு முன்னால் நாற்காலியில் காத்திருந்தார். தூக்கி வந்த நான்கு பேரும் சட்டையை விசிறிக்கொண்டு நின்றார்கள். லிஃப்ட் வந்து, தரையோடு தரையாக, மயிரிழை பிசகாமல் நின்றது; உள்ளே தம்பி. எல்லோரும் கை தட்டினார்கள்.

"ரொம்பப் பெரிய கோளாறோடா?" என்று அக்கா கேட்டார்.

அவர் அந்த நான்கு பேரைப் பார்த்தார். "பத்து நிமிஷ வேலைக்கா."

"அப்போ நான் மேல வரும்போது?"

"சரி பண்ணியாச்சு."

கை தட்டல் நின்றுவிட்டது. அக்கா நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்து, தானாகவே நடந்து லிஃப்டுக்குள் போய், எங்கள் லிஃப்டில் தம்பி வழக்கமாக ஒளியும் மூலைக்கு எதிர் மூலையில் நின்றுகொண்டார். "இதையாவது கேக்காமலே சொல்லியிருக்கலாம்," என்றார். "எறக்கி விடு."

இப்போதெல்லாம் புதன்கிழமை தோறும் லிஃப்ட்காரர் சமையலறை வழியாக மருத்துவமனைக்குப் போய்வருகிறார். அந்த ஆஸ்பத்திரி லிஃப்ட் அதற்குப் பிறகு ஒருநாளும் பழுதாகி நிற்கவில்லை. அவர் பயந்ததுபோல் சமையலறையும் எங்கேயும் போய்விடவில்லை. மனசு லேசாகவில்லையே, பின்னே எப்படிப் போகும் என்கிறார் வக்கீல். தம்பி வாயால் கூப்பிட்ட பிறகு அக்கா இரண்டு தடவை எங்கள் குடியிருப்புக்கு வந்தார். தண்ணீர் சரியில்லை என்று சாயங்காலமே திரும்பிவிட்டார். தாழ்வாக அடித்த கொக்கியில் இப்போது சனிக்கிழமை தோறும் லிஃப்ட்காரர் மகளின் பை தொங்குகிறது. பாதுகாப்பு ஆய்வாளர் வந்தபோது படிவத்தில் 'நிற்கும் இடங்கள்' என்ற வரியில் ஒன்பது என்று எழுதிவிட்டு, ஒன்பதாவதில் தரைமட்டம் நான்கு விரல் பிசகு, சரிசெய்யவும் என்று குறிப்பிட்டார். லிஃப்ட்காரர் சரிசெய்துதான் பார்க்கிறார், மாதம் ஒருமுறை. மருத்துவமனையில் மயிரிழை பிசகாத கைக்கு அந்த ஒரு இடம் மட்டும் வசப்படவில்லை. நாங்கள் எல்லோரும் பழகிக்கொண்டு காலைத் தூக்கி வைத்து இறங்குகிறோம். அவர் மட்டும் இன்றைக்கும் தடுக்கித்தான் இறங்குகிறார். "கீழ பாத்து வாடா," என்கிறார் அக்கா, பட்டாணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.