சோகத்த பெட்டில போடுங்க

எஸ்.பி.எம். பரீட்சைக்கு ரெண்டு மாசம் இருக்கு. பினாங்கு ஜார்ஜ்டவுன்ல ஒரு கோயில் மண்டபத்துல, பிள்ளைங்களுக்கு ஊக்கம் குடுக்குற தன்முனைப்பு முகாம். பேச வந்தவரு புவனேஸ்வரன் சார். வாய தொறந்தா மழை மாதிரி கொட்டுவாரு, காது மட்டும் கெடையாது.

பரீட்சை எழுதப் போற ரமணிக்கு அவர பாத்தாலே எரிச்சல். ஸ்ட்ரெஸ்னு சொல்றவங்க எல்லாம் சோம்பேறியாம், போன புடுங்கி வச்சா சரியா போயிடுமாம். பக்கத்துல அவ ஃபிரண்டு சாந்தினி குனிஞ்ச தல நிமிரல. சாந்தினியோட அப்பா போன வருசம் வீட்ட விட்டு போனவருதான். அம்மா புஷ்பவள்ளி பத்து காவான்ங்கிற ஊர்ல ஒரு ஃபேக்டரில ஷிப்டு மேல ஷிப்டு. ரெண்டு வாரத்துக்கு முன்னாடிதான் சாந்தினி ரமணிகிட்ட சொன்னா, தாங்க முடியாதப்ப தன்னையே காயப்படுத்திக்கிறதா. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வேற. ரமணியும் பெரிய தியாகி மாதிரி வாய மூடிக்கிட்டு திரிஞ்சா.

அப்பறம் சாரோட ஸ்பெஷல் ஐட்டம். மனசுல உள்ள சோகத்த சீட்டுல எழுதி பெட்டில போடணும், போட்டா போயிடும். தபால்ல அனுப்புறாரு போல. பேரு வேணாம், ரகசியம்னாரு. அஞ்சே நிமிசத்துல பெட்டிய தொறந்து மைக்ல படிக்க ஆரம்பிச்சிட்டாரு.

"நான் இல்லாட்டி எங்கம்மா கொஞ்சம் நிம்மதியா தூங்குவாங்க."

படிச்சிட்டு சார் சிரிச்சாரு. "யாரும்மா இது, சீரியல் ஹீரோயினா?"

மண்டபமே சிரிச்சுது. பின்னாடி பெத்தவங்க வரிசையில புஷ்பவள்ளியும் சிரிச்சாங்க. மாட்டிக்கக் கூடாதுன்னு சாந்தினியும் சிரிச்சா. அவ எழுதறத பக்கத்துல இருந்து பாத்த ரமணிக்கு மட்டும்தான் அது யாரு சீட்டுன்னு தெரியும்.

அடுத்து பாதபூஜை. பெத்தவங்க நாற்காலில, பிள்ளைங்க கீழ தண்ணி பேசனோட. ரமணி அப்பா லோரி ஓட்டப் போயிட்டதால, அவளுக்கு கெடச்சது கோயில் கமிட்டி செயலாளர் சுப்பையா அங்கிளோட காலு. அவரு காலுக்கு தண்ணி ஊத்துனா படிப்பு எப்படி வரும்னு அவருக்கே தெரியாது. பக்கத்து நாற்காலில புஷ்பவள்ளி. சோகமா பாட்டு போட்டு, அம்மா பட்ட கஷ்டத்துக்கு நீ என்ன செஞ்சன்னு சார் மைக்ல கேக்க கேக்க, சாந்தினி அம்மா கால புடிச்சிக்கிட்டு அழுதா. மன்னிச்சிருங்கம்மா, மன்னிச்சிருங்கம்மான்னு அதையே சொல்லிக்கிட்டு இருந்தா. பாசத்துல அழுவுறான்னு எல்லாரும் போன்ல வீடியோ புடிச்சாங்க.

இதுக்கு மேல என்னா சத்தியம். ரமணி அங்கிள் கால பாதியில விட்டுட்டு நகந்து போனா.

"ஆன்ட்டி, சிரிச்சோமே, அந்த சீட்டு இவளோடது. ரொம்ப நாளா தன்னையே காயப்படுத்திக்கிறா. இன்னிக்கி தனியா விடாதீங்க."

புஷ்பவள்ளி சீட்ட நெனச்சாங்களா, தான் சிரிச்சத நெனச்சாங்களா, மூஞ்சி அப்படியே செத்துப் போச்சு. ஈரக்காலோட கீழ எறங்கி மகள கட்டிப் புடிச்சிக்கிட்டாங்க. சார் இதுலயும் ஒரு காட்சி கெடச்சிருச்சுன்னு மைக்க நீட்டுனாரு. அவங்க கையால தள்ளி விட்டாங்க.

"நீங்க பேசுனது போதும் சார். எம்பிள்ள பேசட்டும்."

எப்ப இருந்து, இப்பவும் அந்த நெனப்பு இருக்கான்னு அம்மா நேராவே கேட்டப்ப, சாந்தினி இருக்குன்னு தலைய ஆட்டுனா. திட்டாம, அழாம, போன்ல கிராப் வாடகைக் கார கூப்பிட்டாங்க புஷ்பவள்ளி. பெரியாஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு. ரமணியும் ஏறிக்கிட்டா.

சாந்தினி அம்மா கைய விடல. ரமணி பக்கம் மட்டும் திரும்பல.

"சத்தியம் பண்ணுனீல்ல. இனிமே உன் மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்."

"முழிக்காத லா. நூறு வருசம் இருந்து முழிக்காம இரு."