கிளச்சுக்கு விட்ட எண்ணெய்

பழவேற்காடு ஏரிக்கரையில் இருந்த மீனவர் சங்கத்துக்கு 1974-இல் ஓர் இழுவை வண்டி வந்தது. நான்கு சக்கரம், நீண்ட இரும்புச் சட்டம், அதன் மூக்கில் கரண்டில் ஓடும் வின்ச். பழுதான விசைப்படகைக் கரையேற்ற முன்பெல்லாம் முப்பது பேர் கயிறு பிடிக்க வேண்டும். இப்போது கம்பிக் கயிற்றைப் படகில் மாட்டி, சுவிட்சைப் போட்டு, கிளச்சுப் பிடியை அழுத்தினால் போதும். மோட்டாரோடு கயிறு சுற்றும் உருளையும் சேர்ந்து சுற்றும், படகு வண்டிமேல் ஏறி உட்கார்ந்துவிடும்.

அதை ஓட்டும் வேலை செங்கல்வராயனுக்குக் கிடைத்தது. இடுப்பு பிடித்துக்கொண்டு இரண்டு வருஷமாகக் கடலுக்குப் போகாமல் இருந்தவர். சங்கம் கொடுத்த காக்கிச் சட்டையைக் கல்யாண வீட்டுக்கும் போட்டுக்கொண்டு போனார். அவர் மனைவி கோவிந்தம்மா ஊத்துக்கோட்டைச் சந்தையில் கருவாட்டுக் கூடையை இறக்கும் முன்பே, “எங்க ஊட்டுக்காரரு மிஷின் ஆப்பரேட்டரு” என்று சொல்லிவிட்டுத்தான் இறக்குவாள்.

வண்டியோடு வந்த புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. சங்கத் தலைவர் பூவராகவன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பத்துப் பக்கம் புரட்டினார்.

“இன்னா போட்டுக்கிறான் தலைவரே?”

“மெயின்டனன்ஸ் முக்கியம்னு போட்டுக்கிறான்.”

“அப்படின்னா?”

“நல்லா பாத்துக்கணும். அவ்ளோதான்.”

செங்கல்வராயன் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். தினமும் துடைத்தார். உப்புக்காற்று படாமல் சாக்குப் போட்டு மூடினார். நான்கு மாதம் ஒரு குறையும் இல்லை.

ஐந்தாம் மாதம் மீன்துறை அதிகாரி பார்வையிட வந்தார். மாலை போட்டார்கள். பூவராகவனுக்கு அதோடு மனம் நிறையவில்லை.

“சார் போட்டுலயே குந்திக்கினு வந்தா ஜோரா இருக்கும். போட்டோ எடுக்கலாம்.”

இன்ஜின் கழற்றிய படகு ஒன்று தண்ணீர் ஓரத்தில் நின்றது. அதிகாரி மாலையோடு அதில் ஏறி உட்கார்ந்தார். செங்கல்வராயன் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டு சுவிட்சைப் போட்டார். படகு நகர்ந்தது. பாதி ஏறியது. அதிகாரி கையசைத்தார். அப்போது உருளை மட்டும் நின்றுவிட்டது. மோட்டார் உறுமிக்கொண்டே இருந்தது. செங்கல்வராயன் பிடியின்மேல் முழு உடம்பையும் சாய்த்தார். உருளை ஒருமுறை நடுங்கி, பின்பக்கமாகச் சுற்றத் தொடங்கியது.

“யோவ்! யோவ்!” என்றார் அதிகாரி.

படகு சரிந்து தண்ணீரில் விழுந்தது. விழுந்த வேகத்தில் கயிற்றின் கொக்கியும் கழன்றுகொள்ள, காற்று மிச்ச வேலையைச் செய்தது. துடுப்பும் இல்லாமல் இன்ஜினும் இல்லாமல் அதிகாரி ஏரியின் நடுவை நோக்கிப் போனார். இறால் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் தோணியில் துரத்திப் போய் அவரைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள். மாலை கழுத்திலேயே இருந்தது.

கரையில் கால் வைத்ததும் அவர், “பத்து நாள் டைம். சரியாகலேன்னா இந்த வண்டி வேற ஊருக்குப் போயிடும்” என்று சொல்லி ஜீப்பில் ஏறினார்.

அன்று செங்கல்வராயன் சாப்பிடவில்லை. காக்கிச் சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்தார். கோவிந்தம்மா ஏதோ சொல்ல வந்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சோற்றை மூடி வைத்தாள்.

மறுநாள் கும்மிடிப்பூண்டியிலிருந்து ஜெயராஜ் என்ற ஃபிட்டரைக் கூட்டிவந்தார்கள். குட்டையான மனிதர். பை நிறைய ஸ்பானர். “மொதல்ல நாஷ்டா, அப்புறம் மிஷின்” என்று ஆறு இட்லி சாப்பிட்டுவிட்டு வேலையில் இறங்கினார். கரண்டை நிறுத்தி, ஃபியூஸைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். கிளச்சு மூடியைக் கழற்றினார். உள்ளே இருந்த தட்டை விரலால் தொட்டவர் அப்படியே நின்றுவிட்டார். விரலை மூக்கருகே கொண்டுபோனார்.

“ஆப்பரேட்டர் யாரு?”

“நான்தான் சார்.”

“இதுக்கு எண்ணெய் வுட்டியா?”

“விளக்கெண்ணெய் சார். மாசத்துக்கு ஒரு கரண்டி. கிறீச்சுனு சத்தம் போட்டுச்சு. பாவமா இருந்துச்சு.”

ஜெயராஜ் தலையில் கை வைத்துக்கொண்டார். “ரெண்டு தட்டும் ஒண்ணை ஒண்ணு கவ்விப் புடிச்சாதான்யா இழுக்கும். எண்ணெய் வுட்டா எப்படிப் புடிக்கும்? உன் கையில எண்ணெய் தடவிக்கினு விலாங்கைப் புடிச்சிப் பாரேன்.”

கூட்டம் செங்கல்வராயனைப் பார்த்தது. அவர் தரையைப் பார்த்தார்.

ஜெயராஜ் மறுபடியும் முகர்ந்தார். “ஆனா மாசத்துக்கு ஒரு கரண்டியில இவ்ளோ வராதே. இதுல நல்லெண்ணெய் வாசனையும் கீது.”

கூட்டத்தின் பின்னாலிருந்து கோவிந்தம்மாவின் குரல் வந்தது. “நான்தான் வுட்டேன்.”

“இன்னாமே சொல்ற?” என்றார் செங்கல்வராயன்.

“சனிக்கிழமை சனிக்கிழமை நீ எண்ணெய் தேச்சிக் குளிக்கிறே. அது மட்டும் வெயில்ல காஞ்சிக்கினு நிக்குதேன்னு ஒரு கிண்ணம் ஊத்தினேன். அதனாலதானே நமக்குச் சோறு.” முன்னால் வந்து நின்றாள். “தண்டிக்கிறதுன்னா என்னைத் தண்டிங்க. அவரு வேலையில கை வெக்காதீங்க.”

பூவராகவன் தொண்டையைச் செருமினார். “பொம்பளைங்க மிஷின்கிட்டப் போனா இப்படித்தான். பொறுப்பு வேணாம்?”

ஜெயராஜ் தட்டைத் திருப்பி அடிப்பக்கத்தை முகர்ந்துகொண்டிருந்தார். “இரு தலைவரே. இன்னொண்ணு கீது. தாழம்பூ வாசனை.”

ஊரில் தாழம்பூத் தைலம் தடவுகிற தலை ஒன்றே ஒன்றுதான். எல்லாக் கண்களும் அங்கே போயின. வெயிலில் அது நன்றாக மின்னியது.

“அதிகாரி வர்றாரேன்னு… காலையில கொஞ்சம்… ஸ்மூத்தா ஓடட்டும்னு…” என்றார் பூவராகவன்.

முதலில் சிரித்தவள் கோவிந்தம்மா. பிறகு கரையே சிரித்தது. செங்கல்வராயன் மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் நிமிர்ந்து நின்றார்.

ஜெயராஜ் தட்டுகளைப் பெட்ரோலில் கழுவி வெயிலில் காயவைத்தார். வழவழப்பான இடங்களை உப்புத்தாளால் தேய்த்தார். செங்கல்வராயனைப் பக்கத்தில் உட்காரவைத்து, தட்டுகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி வேண்டும், எந்தத் திருகைத் திருப்பினால் அது கூடும் குறையும் என்று காட்டினார். பல்சக்கரத்துக்கு மட்டும் கிரீஸ், அதுவும் வெளியே வழியாமல். கிளச்சுப் பக்கம் எண்ணெய் போத்தலோடு எவனும் வரக்கூடாது. கயிற்றை மாட்டி இழுத்துப் பார்த்தபோது படகு ஒரே மூச்சில் மேலே வந்தது. அன்று மாலையே சங்கத்தில் இதையே தீர்மானமாகப் போட்டார்கள். தலைவர் தலைகுனிந்து கையெழுத்துப் போட்டார்.

பத்தாம் நாள் அதிகாரி வந்தார். யார் சொல்லியும் படகில் ஏறவில்லை. தள்ளி, உலர்ந்த மணலில் நின்று பார்த்தார். நான்கு நிமிஷத்தில் படகு வண்டிமேல் இருந்தது.

“பரவாயில்லையே! எப்படி மெயின்டெயின் பண்றீங்க?” என்று கேட்டார்.

காக்கிச் சட்டையில் விறைத்து நின்ற செங்கல்வராயன் சொன்னார்: “ஒண்ணுமே போடறதில்லீங்க சார்.”

அதிகாரிக்குப் புரியவில்லை. ஆனாலும் ஏட்டில் ‘திருப்தி’ என்று எழுதிவிட்டு ஜீப்பை நோக்கி வேகமாக நடந்தார்.