டெஸ்டர் கையைப் பையில் போட்டார்

அவருக்கு டெஸ்டர் என்று பேர் வைத்தது யார் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. ஆனால் பொருத்தமான பேர். இருபத்திரண்டு வருஷமாக வீடு வீடாக வயரிங் செய்கிற மனுஷன், கரண்ட் வருகிறதா என்று பார்க்காமல் ஒரு திருகாணியைக்கூடத் தொட்டது கிடையாது. முதலில் அள, அப்புறம் மாட்டு. அதுதான் அவருடைய வேதம். தன் கல்யாண மேடையிலேயே மைக்கை டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கையில் வாங்கினார். மாமியார் அன்றைக்கே தலையில் கை வைத்துக்கொண்டார்.

அப்பேர்ப்பட்ட மனுஷன் ஒரே வாரத்தில் இரண்டு லேசர் டயோடுகளைக் கொன்றுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சமையலறை மேசை முன்னால் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். வாங்கினது மூன்று. மூன்றாவது இன்னும் பொட்டலத்தில் இருந்தது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அது எரிந்தாக வேண்டும்.

வயரிங்காரருக்கு லேசர் எதற்கு என்று கேட்பீர்கள். எல்லாம் வீட்டுக்காரிக்காகத்தான். திரைச்சீலை தைக்கிற பட்டறையில் பத்தொன்பது வருஷமாகத் துணி வெட்டுகிறவள் அவள். கத்தரியை எடுத்தால் மறுபேச்சு கிடையாது, அவ்வளவு நேர்த்தி. ஆனால் கண் ஆபரேஷனுக்குப் பிறகு கறுப்புத் துணியிலும் கருநீலத் துணியிலும் சாக்குக் கோடு கலங்கிப்போய்த் தெரிந்தது. போன மாதம் ஒரு முழுச் சுருளைக் கோணலாக வெட்டிவிட்டாள். முதலாளியம்மா திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த அம்மா சாந்தமாகச் சொன்னது இதுதான்: திங்கட்கிழமை ஒரு அரங்கத்துக்குக் கருநீலத் திரை வெட்ட வேண்டும், அதுவும் கோணலானால் நீ வளையம் தைக்கிற பக்கம் போய் உட்கார்ந்துகொள், வெட்டு மேசைக்கு வேறு ஆள் பார்க்கிறேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவள் அழவில்லை. கத்தரியைத் துடைத்து உறையில் போட்டுவிட்டு, "அந்த மேசையை விட்டு இறங்கினா நான் ஒண்ணும் செத்துப்போயிட மாட்டேன். ஆனா எனக்கு வேற எதுவும் தெரியாதே," என்றாள்.

வழியைக் கண்டுபிடித்ததும் அவள்தான். டெஸ்டர் வேலை செய்கிற ஒரு கட்டடத்துக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது, டைல்ஸ் ஒட்டுகிறவர் மட்டம் பார்க்கச் சுவரில் பச்சை லேசர் கோடு போட்டிருந்தார். அவள் அப்படியே நின்றுவிட்டாள். அந்தக் கோடு அவளுக்குக் கலங்காமல், முடி கணக்காகத் தெரிந்தது. கெஞ்சிக் கூத்தாடி ஒரு நாள் இரவல் வாங்கிப் பட்டறையில் போட்டுப் பார்த்தார்கள். பட்டறையின் வெளிச்சத்தில் கருநீலத் துணி அந்தக் கோட்டை ஒரே வாயில் விழுங்கிவிட்டது. இன்னும் கொஞ்சம் பிரகாசமாக வேண்டும். நானே செய்கிறேன் என்று கிளம்பிவிட்டார் டெஸ்டர்.

சும்மா சொல்லக் கூடாது, ஒழுங்காகத்தான் படித்துவிட்டு இறங்கினார். லேசர் வெளிச்சத்தைத் தருகிற அந்தக் குட்டி டயோடுக்கு வோல்ட்டைக் கொடுத்தால் போதாது, கரண்ட்டை அளவாகக் கொடுக்க வேண்டும். அளவு ஒரு கண நேரம் தாண்டினாலும் அதன் கதை முடிந்தது. அதனால் கரண்ட்டைக் கட்டுப்படுத்துகிற சின்ன சர்க்யூட் ஒன்றைத் தன் கையாலேயே செய்தார். வெளியே வருகிற இடத்தில் கரண்ட் ஏறி இறங்காமல் இருக்க, தொட்டி மாதிரி அதைச் சேர்த்து வைக்கிற ஒரு கெப்பாசிட்டர். லேசரைப் போடுவதற்கு முன்னால் சாதாரண டயோடு எட்டை வரிசையாக ஈயத்தால் பற்றவைத்து, லேசருக்குப் பதிலாக அதை டம்மியாகப் போட்டு ஓட்டிப் பார்த்தார். கரண்ட் நூல் பிடித்த மாதிரி நின்றது. கண்ணுக்கு இரண்டு பேருக்கும் ஆரஞ்சு நிறக் கண்ணாடி. கோடு மேலிருந்து துணியை நோக்கி மட்டும் விழும்படி ஒரு தகரக் கூண்டு. கூண்டைத் திறந்தால் தானே அணைகிற சுவிட்ச். மனுஷன் ஒரு குறை வைக்கவில்லை.

ஆனாலும் முதல் டயோடு போய்ச் சேர்ந்தது. கூண்டை மூடிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தால், பளிச்சென்று எரிவதற்குப் பதில் தூங்கி எழுந்த மாதிரி மங்கலாக ஒரு பச்சை, அவ்வளவுதான். கையில் இருந்த நிலைமின்சாரம் தாக்கியிருக்கும் என்று நினைத்தார். அடுத்ததற்கு மணிக்கட்டில் எர்த் வயர் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அதுவும் அதே மாதிரி போனது. சர்க்யூட்டை அளந்தால் சரி. டயோடைச் சோதித்தால் கடையிலிருந்து வந்தபோது சரி. மாப்பிள்ளையும் நல்லவன், பொண்ணும் நல்லவள், சேர்த்து வைத்தால் மட்டும் வீடு ரெண்டுபடுகிறது.

மூன்றாவதைத் தொட அவருக்குக் கை வரவில்லை. வீட்டுக்காரி அவர் முகத்தைப் பார்த்தாள், பொட்டலத்தைப் பார்த்தாள். இரண்டும் எப்படிச் செத்தது என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

"செத்ததை எடுங்க," என்றாள். "அன்னிக்கு என்னென்ன பண்ணீங்களோ, ஒண்ணு விடாம அதையே திரும்பப் பண்ணிக் காட்டுங்க. செத்தது இன்னொரு தடவை சாகப்போறதில்லையே."

அதில் நியாயம் இருந்தது. அவள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, மேசைக்குப் பக்கவாட்டில் முகவாயை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தாள். டெஸ்டர் பேட்டரியைப் போட்டார். வெளியே வருகிற இரண்டு வயரிலும் மீட்டரை வைத்து, சப்ளை வருகிறது என்று தலையாட்டிக்கொண்டார். பிறகு மீட்டரை எடுத்துவிட்டு, செத்த டயோடின் காலில் வயரைத் தொட்டார்.

"பொறி வந்துச்சே," என்றாள் அவள்.

பொறி வருவது சகஜம்தான் என்றார் அவர். வீட்டில் இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைச் சொருகினால்கூட வரும், அதைப் போய்ப் பெரிசுபடுத்துகிறாயே என்றார். அவள் விடவில்லை. அந்த எட்டு டயோடு டம்மியைப் போட்டு ஓட்டினபோதும் பொறி வந்ததா என்று கேட்டாள். வரவில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றுவிட்டார். ஏன் வரவில்லை? டம்மியை முன்கூட்டியே பற்றவைத்துவிட்டு, கடைசியாகத்தான் பேட்டரியைப் போட்டிருந்தார். லேசரை மட்டும், அது விலை உயர்ந்த சாமான் என்பதால், வயரிங் வேலையைப் போலவே பயபக்தியோடு, சப்ளை கொடுத்து, அளந்து பார்த்து, அப்புறம் மாட்டியிருந்தார்.

மீட்டரை எடுத்து மறுபடி வெறும் வயரில் வைத்தார். பதினொன்றரை வோல்ட். இரண்டு தடவையும் இதே எண்ணைப் பார்த்திருக்கிறார். வருகிறதா, வரவில்லையா என்று பார்த்தாரே தவிர, எவ்வளவு என்று யோசிக்கவே இல்லை. லோடு சேர்ந்ததும் இறங்கிவிடும் என்று விட்டுவிட்டார். இறங்கத்தான் செய்யும். ஆனால் குடிக்க ஆள் இல்லாமல் திறந்து கிடந்த நேரமெல்லாம் கெப்பாசிட்டர் பதினொன்றரை வரைக்கும் ரொப்பிக்கொண்டு காத்திருந்தது. ஆறு வோல்ட்டு மட்டுமே தாங்குகிற டயோடுப் பிள்ளை வந்து வாயை வைத்ததும் மொத்தத்தையும் அதன் தலையில் கவிழ்த்துவிட்டது. கரண்ட்டைக் கட்டுப்படுத்துகிற சர்க்யூட்டுக்குக் குறுக்கே பாயக்கூட நேரமில்லை. கழற்றின ஃபேன் கெப்பாசிட்டரிடம் எத்தனை தடவை அடி வாங்கியிருக்கிறார் மனுஷன்! தெரிந்தே ஏமாந்திருக்கிறார்.

"நான்தான் கொன்னிருக்கேன்," என்றார். "அளந்து அளந்தே கொன்னிருக்கேன்."

அவள் சிரிக்கவில்லை. அப்போ அளக்காம மாட்டுங்க என்று மட்டும் சொன்னாள். சொல்வது சுலபம். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்களே, இவருக்கு அது விரல் நுனியில் இருந்தது.

பேட்டரியைக் கழற்றினார். கழற்றின பிறகும் கெப்பாசிட்டரில் மிச்சம் இருக்கும் என்று, அதை மெதுவாக வடியவிடுகிற ஒரு ரெசிஸ்டரை அதன் இரண்டு முனைக்கும் நடுவே பிடித்து இருபது வரைக்கும் எண்ணினார். அது அப்புறமும் தானாக வடியட்டும் என்று இன்னொரு ரெசிஸ்டரை அங்கேயே நிரந்தரமாகப் பற்றவைத்தார். நிலைமின்சாரமும் தாக்காமல் இருக்க மூன்றாவது டயோடின் கால்களை மெல்லிய கம்பியால் ஒன்றாகக் கட்டி, கட்டினபடியே சர்க்யூட்டில் பற்றவைத்து, ஆறின பிறகு கம்பியை அவிழ்த்தார். கரண்ட்டைக் கூட்டிக் குறைக்கிற குமிழைக் கடைசி வரை இறக்கி வைத்தார். கூண்டை மூடி, கீழே ஒரு துண்டுக் கருநீலத் துணியை விரித்தாயிற்று. கண்ணாடியை மாட்டிக்கொண்டார்கள். இனி பேட்டரிதான் பாக்கி.

அவர் கை தன்பாட்டுக்கு மீட்டர் பக்கம் நகர்ந்தது. வயரைக் கழற்றி ஒரே ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று உள்ளுக்குள் ஒரு அரிப்பு. அவள் அந்தக் கையை எட்டிப் பிடித்தாள்.

"கையைப் பையில போடுங்க."

போட்டுக்கொண்டார். அவள் பேட்டரியைப் பொருத்திச் சுவிட்சைத் தட்டினாள்.

துணியில் ஒன்றுமே இல்லை. அவள் குமிழை மெல்லத் திருகினாள். இன்னும் கொஞ்சம். அப்போதும் இல்லை. டெஸ்டர் குனிந்து சர்க்யூட்டைப் பார்த்தார். அதிலேயே நிரந்தரமாக மாட்டியிருந்த குட்டி மீட்டர் கரண்ட் போகிறது என்று காட்டியது. அதை நம்ப முடியாது, செத்தது இரண்டும்கூட கரண்ட் வாங்கத்தான் செய்தன. பத்தொன்பது வருஷ மேசை என் கையால் போச்சு என்று நினைத்தார், கண்ணில் நீர் முட்டிவிட்டது.

"ஏங்க," என்றாள் அவள், "இந்தக் கண்ணாடி எந்த நிறத்தைத் தடுக்கும்னு சொன்னீங்க?"

அட! பச்சையைத் தடுக்கத்தானே வாங்கினது, பதற்றத்தில் மறந்தேபோச்சு. கூண்டு சரியாக மூடியிருக்கிறதா, வெளிச்சம் துணியைத் தவிர வேறெங்கும் கசியவில்லையா என்று இரண்டு தடவை தடவிப் பார்த்தார். பிறகு முதலில் அவர், அடுத்து அவள், கண்ணாடியைக் கழற்றினார்கள். கருநீலத் துணியின் குறுக்கே பச்சைக் கோடு ஒன்று இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஓடியது. அவள் உறையிலிருந்து கத்தரியை எடுத்தாள்.

திங்கட்கிழமை காலை வெட்டு மேசைக்கு மேலே கூண்டைப் பொருத்தும்போது பட்டறையே வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றது. கூண்டுக்குக் கீழே யாரும் அண்ணாந்து பார்க்கக் கூடாது என்று டெஸ்டர் கண்டிப்பாகச் சொன்னார். அப்புறம், யாரும் சொல்லாமலே, இரண்டு கையையும் பையில் போட்டுக்கொண்டார். வீட்டுக்காரி சுவிட்சைத் தட்டினாள். கத்தரி கோட்டின் மேல் ஒரே மூச்சில் போனது.

முதலாளியம்மா துணியை எடுத்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மறுபடி மடித்துப் பார்த்தாள். டெஸ்டருடைய விரல்கள் பைக்குள் நெளிந்துகொண்டிருந்தன.

"வளையம் தைக்க நான் வேற ஆள் பார்த்துக்கறேன்," என்றாள் முதலாளியம்மா. "நீ அடுத்த சுருளை விரி."