கீழே வைத்த கோப்பை

கால்நடை மருத்துவர் ருலா, காற்றில் படபடத்த காகிதத்தை வண்டியின் மேல் முழங்கையால் அழுத்திக்கொண்டு ஆய்வக முடிவை வாசித்தாள். ஒருகாலத்தில் என் வகுப்பில் படித்தவள்.

“உஸ்தாத், நம்ம ஆளுங்க ஏழு தலைமுறைக்கும் பேரு சொல்லுவாங்கள்ல? கிருமியும் சொல்லுது. உங்க கறுப்பாட்டுல இருக்கறதும் வஸ்மா ரத்தத்துல இருந்ததும் கூடப்பொறந்ததுங்க மாதிரி. மரபணுவுல ஒரே ஒரு எழுத்துதான் மாறியிருக்கு.”

“ஸப்தான் மந்தையில?”

“அது வேற கிளை. தூரத்துச் சொந்தம்.”

வஸ்மா என் தங்கை மகள். ஐந்தாம் மாதத்தில் கருவை இழந்து, மாலைதோறும் வரும் காய்ச்சலோடு குளிர்காலத்தைக் கழித்தவள். பக்கத்து வீட்டு ஸப்தானின் ஆடுகளே காரணம் என்று ஊரறியச் சொன்னவன் நான். சென்ற ஆண்டு கால்நடைத் துறையினர் ஆடுகளின் ரத்தத்தைச் சோதிக்க வந்தார்கள். நோய் கண்ட ஆட்டை வெட்டிவிடுவார்கள் என்று அஞ்சி, சினையாயிருந்த கறுப்பாட்டை மட்டும் வைக்கோல் அறையில் மறைத்தேன். குட்டி நலமாகவே பிறந்தது. அந்தப் பாலை நுரை அடங்குமுன் கர்ப்பமாயிருந்த வஸ்மாவிடம் கொண்டுபோனேன். காய்ச்சிய பால் செத்த பால் என்பது எங்கள் பக்கத்து வழக்கு.

தன்னை விழுங்க வரும் உடலின் காவல் அணுவுக்குள்ளேயே அந்தக் கிருமி ஒளிந்து பெருகுமாம். “ஊரே தேடின திருடன் காவல்காரன் வீட்லயே குடியிருந்தான்னு நீங்க சொன்ன கதைதான், உஸ்தாத்” என்றாள் ருலா. பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். “அவகிட்ட நான் சொல்லட்டுமா?”

“வேண்டாம்மா. நானே சொல்றேன்.”

தன் வீட்டில் வஸ்மா எனக்குக் காபி ஊற்றினாள். நான் கோப்பையை உதட்டில் வைக்காமல் கம்பளத்தின் மேல் வைத்தேன். எங்கள் வழக்கப்படி, கேட்க வந்ததைத் தருவதாக வீட்டார் வாக்களிக்கும்வரை விருந்தாளி குடிப்பதில்லை; ‘குடியுங்கள்’ என்பதே அந்த வாக்கு.

“என்ன மாமா, இந்த வயசுல பொண்ணு கேட்டு வந்திருக்கீங்களா? இருங்க, அத்தைகிட்ட சொல்றேன்!”

“பொண்ணு இல்லம்மா. மன்னிப்பு.”

“எதுக்கு?”

வைக்கோல் அறையில் தொடங்கி நுரைப்பால்வரை சொன்னேன். ஸப்தான்மேல் வீண்பழி போட்டதையும் விடவில்லை.

அவள் கையில் காபிக் கெண்டி சாய்ந்தபடியே நின்றது. அதன் மூக்கிலிருந்து ஒரு சொட்டு கம்பளத்தில் விழுந்தது. சற்றுப் பொறுத்து இன்னொன்று. குடியுங்கள் என்று அவள் சொல்லவில்லை; கோப்பையை எடுத்துக்கொள்ளவும் இல்லை. எங்கள் இருவருக்கும் நடுவே அதன் ஆவி மெலிந்துகொண்டே போயிற்று.