டப்பா சித்தப்பாவின் மூடி

மனித குலம் இதுவரை பேசக் கற்றுக்கொண்டது தவறான முறையில். தெரியாமல் நடந்த பிழை, மன்னித்துவிடலாம். இனி நடக்காது. சரியான முறை கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. அது ஆயிரத்து இருநூறு அட்டைகளாக, ஒவ்வொன்றும் லேமினேஷன் செய்யப்பட்டு, நான்கு செருப்புப் பெட்டிகளில் அடுக்கப்பட்டு, ஒரு கட்டிலுக்கு அடியில் தன் நேரத்துக்காகக் காத்திருக்கிறது.

இதை அறிவித்தவன் அகராதி. அறிவித்த இடம், மாவுக்கட்டு போட்ட தங்கையின் கால்மாடு. அகராதி என்பது கல்லூரியில் நண்பர்கள் வைத்த பெயர். அது பாராட்டு என்று அவன் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறான்.

தங்கை பாலர் வகுப்பு ஆசிரியை. அலமாரியின் மேல்தட்டிலிருந்து உடைந்த குடை ஒன்றை எடுக்க ஸ்டூலில் ஏறி, குடையோடு கீழே வந்துவிட்டாள். குடை அவளுக்குப் பாடப்புத்தகம். தூக்கிப்போடுகிற சாமான்களை வகுப்புக்குக் கொண்டுவந்து, அது முன்பு என்னவாக இருந்தது, இனி என்னவாக ஆகப்போகிறது என்று கதை கட்டுவாள். கதை போகிற போக்கில் பிள்ளைகள் கம்பி, காம்பு, கிழிசல், மடிப்பு என்று வார்த்தைகளை அள்ளி வாயில் போட்டுக்கொள்வார்கள்.

"பத்து வருஷமா குப்பை கொட்டுறேன்னு சொல்ற வாத்தியாருங்களைப் பாத்திருக்கேன்," என்றான் அகராதி. "நிஜமாவே குப்பையைக் கொட்டிப் பாடம் நடத்துறவளை இப்பத்தான் பாக்குறேன்."

"அண்ணா, கால்தான் உடைஞ்சிருக்கு. கை நல்லாத்தான் இருக்கு," என்று தலையணையைத் தூக்கினாள் தங்கை. "அஞ்சு நாள் என் கிளாஸைப் பாத்துக்கோ, அப்புறம் நான் கட்டோடயே வந்துடுறேன். அலமாரியை மட்டும் தொடாதே."

தலைமை ஆசிரியை அவனை ஏற இறங்கப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை நான் வந்து பின்னாடி உக்காருவேன் தம்பி. பிள்ளைங்க புதுசா பத்து வார்த்தை சொல்லட்டும், உங்க அட்டையை எல்லா வகுப்புக்கும் எடுத்துக்கறேன். உங்களையும் எடுத்துக்கறேன்."

படிப்பு முடித்த மூன்று ஆண்டுகளில் எந்த அலுவலகத்திலும் அவன் காதில் விழாத சொல் 'எடுத்துக்கறேன்'. அதற்கு அவனிடம் அட்டைகூட இல்லை.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக அலமாரியைக் காலி செய்தான். இரண்டு சாக்கு நிறைந்தது. தெருமுனையில் இருந்த பழைய சாமான் கடைக்கார அம்மா சாக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் மிஸ் இங்கருந்து பொறுக்கிட்டுப் போனதாச்சே. நல்லா யோசிச்சுட்டீங்களா சார்?" என்றார்.

"மூணு வருஷமா யோசிச்சிருக்கேன்," என்றான் அகராதி.

வகுப்பில் பதினெட்டுப் பிள்ளைகள் முதலில் அவனைப் பார்க்கவில்லை. அலமாரியைப் பார்த்தார்கள். முன்பல் இரண்டும் விழுந்த ஒருத்தி எழுந்து நின்றாள். மற்றவர்கள் சார்பில் பேசுகிற பொறுப்பு அவளுடையது என்பது நிற்கிற தோரணையிலேயே தெரிந்தது.

"சார், டப்பா சித்தப்பா எங்க?"

விசாரித்ததில் விவரம் கிடைத்தது. டப்பா சித்தப்பா என்பவர் ஒரு தகர டப்பா. முதலில் பிஸ்கட் வைத்திருந்தார், பிறகு பட்டன், பிறகு மேளமாக அடி வாங்கினார். அடி வாங்கியதில் மூடியைத் தொலைத்துவிட்டார். மூடியைத் தேடி அவர் வாசற்படி இறங்கிய இடத்தில் போன வெள்ளிக்கிழமை மணி அடித்துவிட்டது.

"கடைக்குப் போயிட்டாரு," என்றான் அகராதி.

"மூடி வாங்கவா?"

பொய் சொல்வது அவன் முறையில் இல்லை. "இல்ல. அவரை உருக்கப் போறாங்க."

"உருக்குறதுன்னா?"

புதிய சொல் ஒன்றுக்குப் பொருள் கேட்கிறார்கள்! அகராதிக்கு உள்ளம் பூரித்தது. "நெருப்புல போட்டு, தண்ணியா ஓட விடுறது."

விளக்கம் துல்லியமாக இருந்தது. பதினெட்டுப் பேரும் ஒரே நேரத்தில் அழத் தொடங்கினார்கள்.

மறுநாள் பள்ளி வாசலில் பல்லில்லாதவளின் அப்பா அவனை மடக்கினார். "சார், எங்க வீட்ல என் தம்பி இருக்கான். அவன் குளிக்கப் போனா இவ பின்னாடியே போய் வாசல்ல உக்காந்துக்குறா. வெந்நீர் போடவே விட மாட்டேங்குறா. சித்தப்பாவை உருக்கிடுவாங்களாம். அவன் ரெண்டு வேளையா பச்சைத் தண்ணியில குளிச்சுத் தும்மிட்டு இருக்கான். என்ன சார் சொல்லிக்குடுக்குறீங்க?"

"சொல்வளம்," என்றான் அகராதி.

அட்டைகள் வெளியே வந்தன. யானைப் படத்தை உயர்த்தி, "இது என்ன?" என்றான்.

"அட்டை," என்றது வகுப்பு.

"அட்டையில என்ன இருக்கு?"

"வழவழப்பு."

குதிரையும் அட்டை, கடலும் அட்டை. புதன்கிழமை மாலைக்குள் நூற்று நாற்பது பொருள்களுக்கு அவர்கள் ஒரே பெயர் வைத்திருந்தார்கள். அவர்கள் ஆவலோடு பார்த்தது செருப்புப் பெட்டியை மட்டும்தான்.

"சார், இந்தப் பெட்டி முன்னாடி என்னவா இருந்துச்சு?"

"செருப்பு இருந்துச்சு. கேள்வி கேக்காம அட்டையைப் பாருங்க."

"நீங்க முன்னாடி என்னவா இருந்தீங்க?"

அகராதி அடுத்த அட்டையை எடுத்தான். அதில் படம் எது என்று அவனுக்கே தெரியவில்லை, தலைகீழாகப் பிடித்திருந்தான்.

வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டில் தங்கையிடம் நடந்ததைச் சொன்னான். அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். "சித்தப்பாவையா போட்டே? சித்தப்பாவையா?"

"அது டப்பாடி."

"கதையைப் பாதியில நிறுத்தினா அதுங்க காதை மூடிக்கும். மூடி கிடைக்கிற வரைக்கும் நீ என்ன சொன்னாலும் ஏறாது. நாளைக்கு நீ அம்போதான்."

வெள்ளிக்கிழமை கடை திறக்கும் முன்பே அவன் கடை வாசலில் நின்றான். கடைக்கார அம்மா உதட்டைப் பிதுக்கினார். "தகரமெல்லாம் நேத்தே அமுக்கிக் கட்டி அனுப்பியாச்சு சார். மூடி வேணும்னா சொல்லுங்க. அது மட்டும் எப்பவும் கெடக்கும். டப்பாவை விட்டுட்டு மூடியை மட்டும் கொண்டாந்து போடுறவங்க நெறைய பேரு."

உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய, ஓரம் நெளிந்த மூடி ஒன்றை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் திணித்தான். ஏன் என்று அவன் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் ஆராய்ச்சிக்கு என்று சொல்லியிருப்பான்.

தலைமை ஆசிரியை கடைசி வரிசையில் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். முழங்கால் முகவாயைத் தொட்டது. அகராதி பத்து அட்டைகளைக் காட்டினான். வகுப்பு பத்து முறையும் சளைக்காமல் 'அட்டை' என்றது. தலைமை ஆசிரியை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அகராதிக்கு வேர்த்தது. கைக்குட்டையை உருவினான்.

மூடி விழுந்தது. விழுந்து, சக்கரமாக உருண்டு, வகுப்பையே ஒரு வட்டம் சுற்றி, பல்லில்லாதவளின் காலடியில் தடதடவென்று படுத்தது.

"யாரு இது?" என்றாள் அவள்.

அகராதி தலைமை ஆசிரியையைப் பார்த்தான். 'எடுத்துக்கறேன்' என்ற சொல் கதவைத் தாண்டிப் போய்க்கொண்டிருப்பது தெரிந்தது. தரையில் உட்கார்ந்தான்.

"ஒரு மூடி," என்றான்.

"முன்னாடி என்னவா இருந்துச்சு?"

"முன்னாடியா..." என்று இழுத்தான். "உருக்குனாங்கல்ல? தண்ணியா ஓடிச்சு. அப்புறம் ஆறிச்சு. தட்டித் தட்டித் தகடு ஆக்குனாங்க. தகட்டை வட்டமா வெட்டுனாங்க. ஓரத்தை மடிச்சாங்க."

பதினெட்டுப் பேரும் மூடியைச் சுற்றி நெருங்கி உட்கார்ந்தார்கள். பல்லில்லாதவள் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், முகர்ந்தும் பார்த்தாள்.

"இது சித்தப்பா!" என்று கூவினாள். "மூடியைத் தேடிப் போனாருல்ல? கிடைக்கல. அதான் அவரே மூடி ஆயிட்டாரு!"

அகராதிக்கு இது தோன்றவே இல்லை. "அதேதான்," என்றான், எப்போதும் தெரிந்தவன்போல.

"நெளிஞ்சிருக்காரு!" "விளிம்புல துரு!" "அடியில கீறல்!" வகுப்பு சித்தப்பாவைக் கைக்குக் கை மாற்றி நலம் விசாரித்தது. பின்வரிசையில் தலைமை ஆசிரியை விரல் மடக்கத் தொடங்கியிருந்தார்.

"அப்ப டப்பா?" என்றான் ஒருவன். "மூடி இருக்கு. டப்பா இல்லையே?"

பிள்ளைகள் பேசிவைத்தாற்போல் மேசையைப் பார்த்தார்கள். மேசைமேல் இருந்தவை அட்டைகள் மட்டும்தான்.

லேமினேஷனில் ஒரு நல்ல குணம் உண்டு: வளைத்தால் விறைப்பாக நிற்கும். யானையை வளைத்துக் குதிரையோடு ஒட்டி, கடலைச் சுற்றிப் பிடித்து, நிலாவை அடியில் வைத்து டேப் போட்டான். 'உருளை' என்றார்கள், 'சுருள்' என்றார்கள், 'பிசின்' என்றார்கள், 'இடுக்கு' என்றார்கள். சித்தப்பா மேலே உட்கார்ந்தபோது தலைமை ஆசிரியைக்கு விரல் தீர்ந்து இரண்டாவது சுற்று ஓடிக்கொண்டிருந்தது.

வெளியே வந்ததும் அவர் கேட்டார்: "இதுதான் அட்டை முறையா தம்பி?"

"ஆமா மேடம்," என்றான் அகராதி, முகத்தில் ஒரு கோடு அசையாமல். "அட்டை இல்லாம செய்யவே முடியாது."

"திங்கட்கிழமையிலேருந்து பக்கத்து வகுப்பை எடுத்துக்கோங்க. மிச்ச அட்டையையும் கொண்டாங்க. நெறைய டப்பா வேண்டியிருக்கும்."

சனிக்கிழமை காலை தங்கை போன் செய்தாள். "எங்க இருக்கே?"

"லைப்ரரியில."

"லைப்ரரியில ஏன் தகரம் உருளுற சத்தம் கேக்குது?"

"படிக்க விடு," என்று அணைத்துவிட்டு, பழைய சாமான் குவியலின் அடியிலிருந்து மூக்கு உடைந்த கெட்டில் ஒன்றை உருவினான். கடைக்கார அம்மா தராசுப் பக்கம் திரும்பும்வரை பொறுத்திருந்தான். பிறகு அதைக் காதருகே வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டான்:

"முன்னாடி என்னவா இருந்தே?"