வேலிக்கு அந்தப் பக்கம் கிடந்த மயில்

1

இந்தக் கதை ஒரு மனுவாகத் தொடங்கியது. பக்கத்து வீட்டு மாடத்தி எழுதித் தரச் சொன்ன மனு. நாலு நாளாக உட்கார்ந்தும் மனு வரவில்லை, கதைதான் வருகிறது. நடந்ததை ‘நான்’ என்று எழுத வெட்கமாக இருப்பதால், எனக்குச் சந்தனம் என்று பெயர் வைத்து ‘அவர்’ என்று எழுதுகிறேன். கண்டுகொள்ளாதீர்கள்.

2

முதல் தொடக்கம்: மலைச்சாரலில் மயில் அகவும் ஓர் இனிய காலையில்—

(அடித்துவிட்டேன். இந்தக் கதையில் மயில் அகவாது.)

இரண்டாவது தொடக்கம்: ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்புக்குப் போகும் வழியில் சந்தனத்தின் வீடு. புறவாசலில் இரண்டு மாமரம், ஒரு தக்காளிப் பாத்தி. மாமரத்துக்கு மலையணில் வரும், தக்காளிக்கு மயில் வரும். கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம் இருளப்பசாமி. ராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனியில் வேலை. ஒவ்வொரு மழைக்கும் வேலியில் பட்டுப்போன கம்பைப் பிடுங்கிப் புதுக் கம்பு ஊன்றுவார். ஊன்றும்போது ஒரு சாண் இந்தப் பக்கம் தள்ளி ஊன்றுவார். ஆறு மழையில் நாலடி போய்விட்டது.

“ஏலே, இது என் இடம்லே.”

“கம்பு எங்க நிக்கோ அதுதான் எல்லை, அண்ணாச்சி.”

[குறிப்பு: இருளப்பசாமியைக் கெட்டவராக எழுத மூன்று பத்தி செலவழித்தேன். ஒட்டவில்லை. மயில் தக்காளியைக் கொத்துகிறது என்று சந்தனம் புலம்பியபோது, கம்பெனியில் கழித்துப்போட்ட பேண்டேஜ் துணியை டவுன் பஸ்ஸில் சுமந்துவந்து கொடுத்தவர் அவர்தான். “பாத்திக்கு மேல இழுத்துக் கட்டுங்க அண்ணாச்சி. தொய்வா விட்டுறாதிய, கால் மாட்டிக்கிடும்” என்று சொல்லியும் கொடுத்தார். சந்தனம் தொய்வாகத்தான் விட்டார்.]

3

ஒரு மத்தியானம் அந்தத் துணியில் சிக்கி ஒரு மயில் செத்துக் கிடந்தது. சந்தனம் துணியை அறுத்தெடுத்து அடுப்பில் போட்டார். மயிலைத் தூக்கி வேலிக்கு அந்தப் பக்கம், அந்த நாலடிக்குள் போட்டார். பயத்தில் போட்டார் என்று எழுதினால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். “கிடக்கட்டும் உன் இடத்துல” என்று வாய்விட்டுச் சொன்னதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

காக்காய் கூடியது. யாரோ போன் செய்ய, வனக்காவலர்கள் வந்துவிட்டார்கள். மயிலின் காலில் பேண்டேஜ் நூல் சுற்றியிருந்தது.

“இது யாரு இடம்?”

இருளப்பசாமி அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்திருந்தார். மயிலை அவர் இன்னும் பார்க்கவில்லை. சந்தனம் நிற்பதைத்தான் பார்த்தார்.

“என் இடம்தான் சார். கம்பைப் பாருங்க.”

காவலர் சந்தனத்தின் பக்கம் திரும்பினார். ஆறு வருடமாக ஊரெல்லாம் சொல்லிச் சண்டை போட்ட மனிதர் சொன்னார்: “ஆமா சார். அது அவிய இடம்தான்.”

இருளப்பசாமிக்கு அந்த நிமிடம் சந்தோஷமாகக்கூட இருந்திருக்கும். பிறகு மயிலையும் அதன் காலில் சுற்றியிருந்த நூலையும் காட்டினார்கள். “அந்தத் துணி அண்ணாச்சிக்கில்லா குடுத்தேன்” என்றார்.

“துணியா? எனக்கு யாரும் தரலையே சார்.”

அப்போது இருளப்பசாமி பார்த்த பார்வை— (வேண்டாம்.)

4

இருளப்பசாமி மேல் வழக்குப் போட்டு ஜெயிலில் வைத்திருக்கிறார்கள். மறுநாள் அவர் மனைவி மாடத்தி வந்தாள். சண்டைக்கு வந்திருந்தால் சந்தனமும் எகிறியிருப்பார்.

“அண்ணாச்சி, நீங்க எழுதுதவிய. ஆபீசருக்கு ஒரு மனு எழுதித் தாங்க. துணி உங்களுக்குக் குடுத்ததை நீங்க மறந்திருப்பிய. அதை மட்டும் எழுதுனாப் போதும். கம்பெல்லாம் பிடுங்கிட்டேன். நாலடியையும் நீங்களே வச்சுக்கிடுங்க.”

மறந்திருப்பிய என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். (தாங்கியிருப்பார்.)

5

முடிவு அ: சந்தனம் உண்மையை மனுவில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். இந்த வரியை எழுத எனக்கு அரை நிமிடம்தான் ஆனது.

முடிவு ஆ: துணி கொடுத்தது நினைவிருக்கிறது என்று மட்டும் எழுதி, மயிலைப் பற்றிப் பேசாமல்—

முடிவு இ:

மேசையில் இரண்டு தாள்கள் இருக்கின்றன. ஒன்று இந்தக் கதை. இன்னொன்றில் ‘ஐயா, வணக்கம்’ என்பதற்குக் கீழே ஒன்றும் இல்லை. மாடத்திக்கு வாசிக்கத் தெரியாது. எதைக் கொடுத்தாலும் கும்பிட்டு வாங்கிக்கொண்டு போவாள்.

நீங்கள் வாசித்துவிட்டீர்கள். கதவைத் தட்டுகிறாள். நீங்கள் போய்த் திறக்கிறீர்களா?