மூன்றாவது கியரிலேயே நின்ற கார்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு தட்டிலிருந்து கிடைத்தது. ஒருநாள் காலை எதிர்வீட்டு முற்றத்தில், அகலமான அலுமினியத் தட்டு நிறையச் சிவப்பு எண்ணெய் இருந்தது. பக்கத்தில் முட்டுக்கொடுத்து உயர்த்திய கார். அதன் அடியிலிருந்து ஒரு பெண்ணின் பாதங்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. நாற்காலியில் ஒருவர் கைபேசியைப் பார்த்துச் சத்தமாக ஏதோ படித்துக்கொண்டிருந்தார். நான் பார்த்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: "அவர் காருக்கு அடியில் படுத்து, கையில் ஸ்பானருடன்—"

நிற்க. படுத்திருந்தது அவர் இல்லை. காருக்கு அடியில் ஆணைப் படுக்கவைத்தே என் பேனாவுக்குப் பழக்கமாகிவிட்டது. அடித்துவிட்டேன்.

2

அவள் தையல்காரி. அவர் அவளுடைய கணவர், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஒரு விபத்துக்குப் பிறகு அவருடைய இடது கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. கிளட்ச் மிதிக்க முடியாது என்பதால் தானே கியர் மாற்றிக்கொள்ளும் காராகப் பார்த்து வாங்கினார்கள். படியேற, குளிக்க, சாலையைக் கடக்க, எல்லாவற்றுக்கும் அவருக்கு ஒரு தோள் வேண்டும். ஸ்டீயரிங்கைப் பிடித்துவிட்டால் மட்டும் யாரும் வேண்டாம்.

அந்தக் கார்தான் மூன்றாவது கியரிலேயே நின்றுவிட்டது. ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அவளுடைய தம்பி வந்து பார்த்தான்.

"கியர்பாக்ஸுக்குள்ள இருக்கிற மின்சாரச் சாமான் போயிடுச்சுக்கா. மொத்தமா மாத்தணும். அதுக்குப் பதிலா இந்தக் காரை வித்துடலாம். மாமாவை நானே தினம் கடைக்குக் கொண்டுபோய் விடுறேன்."

அன்பாகத்தான் சொன்னான். அவர் "சரிப்பா" என்றார். அந்தச் 'சரிப்பா'வில் உயிரே இல்லை.

"கெட்டதை மட்டும் மாத்தினா என்னடா?"

"அதைப் பிரிச்சா திரும்பச் சேராதுக்கா. நான் கை வைக்க மாட்டேன்."

"அப்ப நான் வைக்கிறேன்."

(இங்கே நீங்கள் புருவத்தை உயர்த்துவது எனக்குத் தெரிகிறது. தையல்காரி கியர்பாக்ஸைத் திறப்பாளா? எனக்கும் சந்தேகம்தான். இரண்டு நாள் கதையை மூடிவைத்தேன். பிறகு தோன்றியது: அடுத்தவர் தைத்து முடித்த கோட்டைப் பிரித்து, உள்துணியை மாற்றி, பிரித்த தடமே தெரியாமல் மூடித் தருவதுதானே அவள் பிழைப்பு.)

3

துணி வெட்டுவதற்கு வரையும் பழுப்புத் தாளில் அவள் கியர்பாக்ஸின் அடிமூடியை வரைந்தாள். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் அது இருந்த இடத்திலேயே தாளில் குத்தி நிறுத்தினாள். பிரிக்கும் முறையை அவர் கைபேசியில் பார்த்துப் படிக்கப் படிக்க, எண்ணெயை வடித்தாள், மூடியை இறக்கினாள், வடிகட்டியை எடுத்தாள், கடைசியில் வால்வுகள் உட்கார்ந்திருக்கும் கனமான அலுமினியப் பாளத்தை நெஞ்சோடு அணைத்து வெளியே கொண்டுவந்தாள்.

அதைத் திருப்பிப் பார்த்தாள்.

உள்ளே முழுக்க வாய்க்கால்கள். ஒன்று வளைந்து இன்னொன்றோடு சேர்ந்து, பிரிந்து, ஒரு துளைக்குள் போய், வேறு எங்கோ தலைகாட்டியது. ஓரமாக விரல் அளவில் வரிசையாகச் சொலினாய்டுகள், தம்பி சொன்ன மின்சாரச் சாமான். மின்சாரம் வந்தால் ஒரு வழி திறக்கும், நின்றால் மூடும், அதுதான் அவற்றின் வேலை. எண்ணெய் ஓடும் வழியைப் பொறுத்துக் கியர் மாறும்.

"இதை வெச்சா இத்தனை நாளா போய்ட்டு வந்தீங்க?" என்றாள்.

"கொடு" என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் விரலால் ஒரு வாய்க்காலைப் பின்தொடர்ந்தார். "நான் சும்மா மிதிச்சேன். இது இவ்வளவு யோசிச்சிருக்கு."

(எழுதுகிற எனக்கும் இங்கே கை நின்றுவிட்டது. யாரோ ஒருவர், எங்கோ உட்கார்ந்து, ஒவ்வொரு துளி எண்ணெயும் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று நினைத்துப் பார்த்திருக்கிறார். என் கதைகளை நான் அப்படி நினைத்துப் பார்த்தது கிடையாது.)

4

புதுச் சொலினாய்டுகளை மாட்டி, பாளத்தைத் துடைத்துச் சேர்த்து, புது எண்ணெய் ஊற்றினாள். சக்கரங்கள் அந்தரத்தில் இருக்க, அவளே உட்கார்ந்து மிதித்துப் பார்த்தாள். முதல் கியர் பிடித்தது. இரண்டாவது பிடிக்கவில்லை. இன்ஜின் சும்மா உறுமியது.

நாற்காலியிலிருந்து அவர் கேட்டார், "உள்ள எதால துடைச்ச?"

"நல்ல துணியாலதாங்க. புது வெள்ளைப் பருத்தி, துவைச்சுக் காயவெச்சு..."

சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டாள். தினமும் தன் மெஷினின் ஊசித்தட்டுக்கு அடியிலிருந்து அவள் சுரண்டி எடுப்பது எதை? பருத்தி உதிர்க்கும் பஞ்சைத்தானே.

மறுபடி எல்லாவற்றையும் இறக்கினாள். அவர் கடையில் பிரேம் பார்க்கும் பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்து, ஒவ்வொரு சொலினாய்டாகத் திருப்பினார். "இங்க பாரு" என்றார். ஒன்றின் வாயில் ஒற்றை வெள்ளை இழை குறுக்கே கிடந்தது. மூச்சுவிட்டால் பறந்துவிடும் போலிருந்தது. இரண்டாவது கியரை வரவிடாமல் தடுத்தது அதுதான்.

அவள் இடுக்கியால் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். இருவருக்கும் சிரிப்பு வந்தது, கொஞ்சம் பயமும் வந்தது. இந்தமுறை பாளத்தைக் கழுவிக் காற்றடித்து, நூல் உதிராத வழுவழுப்பான உள்துணியால் ஒற்றி எடுத்தாள்.

5

முடிவுகள் இரண்டு எழுதிவைத்திருந்தேன்.

ஒன்று: கார் ஓடுகிறது, தம்பி வெட்கப்படுகிறான். (தம்பி என்ன பாவம் செய்தான்? அடித்துவிட்டேன்.)

இரண்டு: நடுவழியில் கார் நிற்க, அவர் ஃபோனை எடுத்து— (இதை எழுத மனம் வரவில்லை.)

ஆகவே, நடந்ததை மட்டும் சொல்கிறேன். எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, இந்தமுறை அந்தரத்தில் மிதித்துப் பார்க்காமலே காரைத் தரையில் இறக்கினார்கள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து அவர் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தார். தம்பி மறுபக்கக் கதவைத் திறந்தான்.

"நானும் வரேன் மாமா. வழியில நின்னா தள்ள ஆள் வேணுமே."

அவர் மனைவியைப் பார்த்தார்.

"நீ இருடா" என்றாள் அவள்.

அதுவரை நான் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தேன், உங்களையும் பக்கத்தில் உட்காரவைத்து. அவள் சொன்னது நமக்கும் சேர்த்துத்தான். நான் இறங்கிவிட்டேன். நீங்களும் இறங்குங்கள், கதவை மெதுவாகச் சாத்துங்கள்.

கார் முற்றத்தைத் தாண்டித் தெருவில் இறங்கியது. தெருமுனை வரை முதல் கியர்தான். இரண்டாவது அதற்கப்புறம்தான் வரும், அந்தச் சத்தம் இங்கே கேட்காது. காதைத் தீட்டிக்கொண்டு நின்ற தம்பியிடம் அவள், "உள்ள வா, டீ போடறேன்" என்றாள். கேட்டைச் சாத்தப் போனவனை வேண்டாம் என்று தடுத்துவிட்டாள்.